ஒரே கவிதையை வைத்து ஆங்கில இலக்கியக் கலைச்சொற்களைக் கற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கில இலக்கியம் படிக்க வரும் முதலாண்டு மாணவர்கள் பெரும்பாலும் கலைச்சொற்களை அகரவரிசையில்தான் கற்கிறார்கள். அலிகரி, அலிட்டரேஷன், அல்லூஷன் என்று தொடங்கி நோட்டுப் புத்தகத்தில் அறுபது எழுபது வரையறைகள் சேர்ந்துவிடும். தேர்வுக்கு முந்தைய இரவு அவை மனப்பாடமாகும். மறுநாள் முன்பின் பார்க்காத ஒரு கவிதையைக் கொடுத்து, இதில் கவிஞர் என்ன செய்கிறார் என்று கேட்டால் பேனா நின்றுவிடும். தமிழ்வழியில் படித்து ஆங்கில இலக்கியத்துக்கு வந்த எனக்கும் முதல் ஆண்டு முழுக்க அப்படித்தான் இருந்தது. வரையறைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஒரே கவிதையை வாரக்கணக்கில் விடாமல் படித்த பிறகுதான் வழி தெரிந்தது.

அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பள்ளியில் அணியிலக்கணமும் யாப்பும் படித்த தமிழ் மாணவருக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. மீதிப் பாதியில்தான் கவனம் வேண்டும். தமிழ்க் கலைச்சொல்லோடு ஒத்துப்போவதுபோலத் தோன்றி, உள்ளே வேறாக இருக்கும் சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. மதிப்பெண் போவதும் அந்த இடங்களில்தான்.

கவிதை: ஷேக்ஸ்பியரின் 18-ஆம் சானட். 1609-இல் அச்சான 154 சானட்டுகளின் தொகுப்பில் உள்ளது. பதினான்கே அடிகள். எந்த நூலகத்திலும் கிடைக்கும். உங்கள் கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடிகளுக்கு 1 முதல் 14 வரை எண் கொடுங்கள்; ஒவ்வோர் அடிக்கும் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகு மேலே தொடருங்கள். கண்ணால் மட்டும் படித்தவருக்கு நான்காம், ஐந்தாம் படிகள் விளங்கமாட்டா.

முதல் படி: பொருளைத் தமிழில் எழுதுங்கள்

கலைச்சொல் எதையும் தேடும் முன் ஒவ்வோர் அடியின் பொருளையும் எளிய உரைநடையில் எழுதிவிடுங்கள். இதைப் பாராஃப்ரேஸ் என்பார்கள். நம் மரபில் பொழிப்புரை. ஏறக்குறைய இப்படி வரும்:

உன்னை ஒரு கோடை நாளோடு ஒப்பிடட்டுமா? நீ அதைவிட அழகு, அதைவிட இதம். மே மாத மொட்டுகளை முரட்டுக் காற்று உலுக்குகிறது. கோடையின் குத்தகைக் காலமோ மிகக் குறுகியது. வானத்தின் கண் சில நேரம் சுட்டெரிக்கிறது. அதன் பொன்னிறம் அடிக்கடி மங்கியும் போகிறது. அழகான எதுவும் ஒருநாள், தற்செயலாலோ இயற்கையின் மாறும் போக்காலோ, அழகை இழக்கிறது. ஆனால் உன் நிலைத்த கோடை மங்காது. உனக்கு உடைமையான அழகை அது இழக்காது. அழியாத வரிகளில் நீ காலத்தோடு ஒன்றி வளரும்போது, தன் நிழலில் நீ அலைவதாகச் சாவு பெருமையடிக்க முடியாது. மனிதர் மூச்சு விடும்வரை, கண்கள் பார்க்கும்வரை, இது வாழும்; இது உனக்கு உயிர் கொடுக்கும்.

பழைய சொற்கள் சில இடறும். தௌ என்பதும் தீ என்பதும் ஒருமையில் 'நீ', 'உன்னை'. ஃபேர் என்பது இங்கே அழகு. பத்தாம் அடியின் இறுதியில் வருவது கடன்படுதல் என்று தோன்றும். உண்மையில் அது உடைமையாகப் பெற்றிருத்தல்.

இங்கேயே இரண்டு கலைச்சொற்கள் தேவைப்படுகின்றன. கோடை என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? கத்திரி வெயில், வற்றிய கிணறு, மின்வெட்டு. காதலியைப் பார்த்து நீ கோடை மாதிரி இருக்கிறாய் என்று தமிழில் சொன்னால் அது புகழ்ச்சியாகாது. இங்கிலாந்திலோ நீண்ட குளிருக்கும் ஈரத்துக்கும் பிறகு வரும் சில வாரங்களே கோடை. மக்கள் ஏங்கிக் காத்திருக்கும் பருவம். அகராதி தரும் நேர்ப்பொருள் டினோட்டேஷன். ஒரு மொழியில் வாழ்பவர் மனத்தில் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் சாயல் கனோட்டேஷன். நேர்ப்பொருள் இரு நாட்டுக்கும் ஒன்றுதான், சாயல் தலைகீழ். ஆங்கிலக் கவிதையில் பருவம், விலங்கு, நிறம், மரம் எது வந்தாலும் அந்த ஊரில் அதற்கு என்ன சாயல் என்று முதலில் கேளுங்கள். கவிஞர் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்துக்கு டிக்‌ஷன் என்று பெயர்.

இரண்டாம் படி: பேசுவது யார், யாரிடம்?

கவிதையில் 'நான்' என்று வந்தவுடன் விடைத்தாளில் 'ஷேக்ஸ்பியர் கூறுகிறார்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கில இலக்கியப் படிப்பில் கவிஞர் வேறு, கவிதையில் பேசும் குரல் வேறு. அந்தக் குரலுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். கவிஞர் தன்னிலிருந்து தெளிவாக வேறுபட்ட ஒருவரைப் படைத்துப் பேசவைத்தால் பெர்சோனா.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. சங்க அகப்பாடல்களின் அடியில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறிப்பு வருமே, அது இதேதான். 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்னும் குறுந்தொகை 25-ஆம் பாடலைப் பாடியவர் கபிலர். அதில் பேசுபவள் தலைவி. கபிலரே ஏமாற்றப்பட்டுப் புலம்புகிறார் என்று யாரும் எழுதுவதில்லை. அதே தெளிவோடு ஆங்கிலக் கவிதையையும் அணுகுங்கள். ராபர்ட் பிரவுனிங் 1842-இல் வெளியிட்ட 'மை லாஸ்ட் டச்சஸ்' முழுக்க ஒரு கோமகனின் பேச்சு. எதிரே இருப்பவர் வாய் திறப்பதே இல்லை. பேசப் பேசக் கோமகனின் கொடுமை அவன் அறியாமலே வெளிப்படும். இவ்வகைக்கு டிரமாட்டிக் மோனோலாக் என்று பெயர்.

அடுத்து, கேட்பவர் யார்? நம் சானட்டில் 'நீ' ஆணா பெண்ணா என்று பதினான்கு அடிகளிலும் குறிப்பே இல்லை. தொகுப்பின் முதல் 126 கவிதைகள் ஓர் இளைஞனை நோக்கியவை என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. விடையில் 'காதலி' என்று எழுதிவிடாமல் 'விளிக்கப்படும் நபர்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

அபாஸ்ட்ரஃபி என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ளலாம். யாரையாவது விளித்தாலே அபாஸ்ட்ரஃபி ஆகிவிடாது. எதிரில் இல்லாதவரை, இறந்தவரை, உயிரற்ற ஒன்றை முன்னால் இருப்பதுபோல் விளிப்பதுதான் அது. ஜான் டன் சாவையே பார்த்து 'செருக்குக் கொள்ளாதே' என்கிறாரே, அது சரியான எடுத்துக்காட்டு.

மூன்றாம் படி: ஒப்பீடுகளைப் பிரித்தெடுங்கள்

இனி ஒரு வண்ணப் பென்சிலை எடுத்து, ஒன்றை மற்றொன்றாகச் சொல்லும் இடங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள்.

சிமிலி நம் உவமை. நமக்குப் போல, அன்ன, ஒப்ப என்று உவம உருபுகள் இருப்பதுபோல ஆங்கிலத்தில் லைக், ஆஸ் ஆகியவை முதன்மையானவை. மெட்டஃபர் நம் உருவகம். இதுவரை தொல்லையில்லை. இனிதான் எச்சரிக்கை. தமிழில் 'பவளவாய்' உவமைத்தொகை: 'பவளம் போன்ற வாய்' என்று விரியும், உருபு மறைந்து நிற்கும். 'வாய்ப்பவளம்' என்று மாற்றினால் உருவகம். ஆங்கிலத்தில் தொகையில் மறைந்த உருபு என்ற கருத்தே இல்லை. உருபு வெளிப்படையாக இல்லாவிட்டால் பெரும்பாலும் அது மெட்டஃபர்தான். ஆகவே தமிழில் உவமை என்று பெயர் பெறும் பல தொடர்கள் ஆங்கிலத்துக்குப் போனதும் மெட்டஃபர் பட்டியலில் சேர்ந்துவிடும்.

ஒப்பீட்டின் இரு பக்கங்களுக்கும் பெயர் உண்டு. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது டெனர். எதைக் கொண்டு பேசுகிறோமோ அது வெஹிக்கிள். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்கள் இவை. நமக்கோ உவமேயம், உவமானம் என்று பழைய பெயர்களே இருக்கின்றன. ஐந்தாம் அடியின் 'வானத்தின் கண்' என்பதில் உவமேயமான சூரியன் சொல்லப்படவே இல்லை. வாசகர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது முதல் அடிக்குத் திரும்புங்கள். 'உன்னைக் கோடை நாளோடு ஒப்பிடட்டுமா?' இது சிமிலியா? பல விடைத்தாள்கள் ஆம் என்கின்றன. கூர்ந்து பாருங்கள்: ஒப்பிடட்டுமா என்று கேட்கிறார், அடுத்த அடியிலேயே அந்த ஒப்பீடு போதாது என்கிறார். அதன்பின் ஆறு அடிகளுக்குக் கோடையின் குறைகளை அடுக்குகிறார். உவமையை எடுத்து, எடைபோட்டு, கீழே வைத்துவிடும் கவிதை இது. இதற்குத் தமிழில் அழகான பெயர் உண்டு: வேற்றுமையணி. இரண்டு பொருளை ஒப்புமைப்படுத்திப் பின் அவற்றின் வேறுபாட்டைக் காட்டுவது. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு' என்ற 129-ஆம் குறள் நினைவிருக்கும். தீயும் நாவும் சுடுவதில் ஒன்று, ஆறுவதில் வேறு. சானட்டின் முதல் பாதி அதே உத்தியில் நடக்கிறது. ஆங்கில விடையில் வேற்றுமையணி என்று எழுத முடியாது. 'இந்த ஒப்பீடு முன்வைக்கப்பட்டு மறுக்கப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். சிமிலி என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்த வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம்.

மெட்டஃபர் ஒரே இடத்தில் முடிந்துவிடாமல் நீண்டு ஓடினால் எக்ஸ்டெண்டட் மெட்டஃபர். நான்காம் அடியின் 'குத்தகை'யை வட்டமிடுங்கள். அதே அடியின் இறுதிச் சொல், குத்தகை முடியும் தவணையைக் குறிக்கிறது. பத்தாம் அடியில் 'உடைமை' வருகிறது. அதே அடியில் 'உனக்குச் சொந்தமான' என்றும் வருகிறது. நான்கும் நிலபுலன் ஆவணங்களின் சொற்கள். கோடைக்கு அழகு குத்தகைக்குத்தான் கிடைத்திருக்கிறது. உனக்கோ அது சொந்தம். கவிதைக்குள் ஓடும் இந்த இழை கண்ணில் பட்ட அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை. மிகத் தொலைவிலுள்ள இரண்டைப் பிணைத்து, அந்தப் பிணைப்பை வலிந்து விரித்துக்கொண்டே போனால் அதற்குக் கன்சீட் என்று பெயர். பிரியும் காதலர் இருவரை வட்டமிடும் கவராயத்தின் இரு கால்களாக ஜான் டன் காட்டுவது இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு.

பெர்சானிஃபிகேஷன் என்பது மனிதரல்லாத ஒன்றுக்கு மனிதப் பண்பு ஏற்றுவது. பதினோராம் அடியில் சாவு பெருமையடிக்கிறது. ஆறாம் அடியில் சூரியனுக்கு முகநிறம் இருக்கிறது. பல மாணவர்கள் இதைத் தற்குறிப்பேற்றணி என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் உரசிக்கொள்கின்றன, ஆனால் ஒன்றல்ல. இயல்பாக நடக்கும் நிகழ்ச்சியின்மேல் கவிஞர் தன் கருத்தைக் காரணமாக ஏற்றுவது தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் காற்றில் ஆடும் மதுரைக் கொடிகள் கோவலனை 'வாரல்' என்று தடுப்பதாகச் சொல்வதுபோல. இயற்கை மனிதரின் துயரத்தில் பங்கெடுப்பதுபோல் காட்டும் இத்தகைய இடங்களுக்கு ஆங்கிலத்தில் இன்னும் நெருங்கிய சொல் பதெடிக் ஃபாலசி. ஜான் ரஸ்கின் 1856-இல் கொஞ்சம் குறைகூறும் நோக்கில் உருவாக்கிய சொல் அது. இன்று குறைகூறாமலும் பயன்படுத்துகிறார்கள்.

மெட்டானமியும் சினெக்டகியும் நம் ஆகுபெயருக்குள் அடங்கும். 'ஊர் சிரித்தது' என்பது இடவாகுபெயர். தொடர்புடைய ஒன்றின் பெயரால் மற்றொன்றைச் சொல்வதால் மெட்டானமி. மகுடம் என்று சொல்லி அரசரைக் குறிப்பதும் அப்படியே. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவரும் சினையாகுபெயரும், முழுமையின் பெயர் உறுப்புக்கு ஆகிவரும் பொருளாகுபெயரும் சினெக்டகி. 'வெற்றிலை நட்டான்' என்றால் கொடியை நட்டான். 'முல்லை தொடுத்தாள்' என்றால் பூவைத் தொடுத்தாள். சானட்டில் 'அழியாத வரிகள்' என்பது முழுக் கவிதையையும், 'கண்கள்' என்பது படிக்கும் மனிதரையும் குறிக்கின்றன. தேடாமல் இவை கிடைக்கா.

நான்காம் படி: காதால் கேளுங்கள்

மோனை படித்தவருக்கு அலிட்டரேஷன் எளிது. ஆனால் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். தமிழில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றாகவே போவதால் நாம் எழுத்தைப் பார்த்தே மோனையைக் கண்டுபிடிக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்து ஏமாற்றும். சிட்டி என்பதும் கேட் என்பதும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் இல்லை. நோ என்பது எழுத்தில் 'கே'யில் தொடங்கினாலும் நைட் என்பதோடு ஒலியால் சேரும். எட்டாம் அடியில் சான்ஸ், சேஞ்சிங் இரண்டிலும் ஒரே தொடக்க ஒலி. கடைசி அடியில் லாங், லிவ்ஸ், லைஃப் மூன்றும் சேர்கின்றன. மெய்யொலி தொடக்கத்தில் மட்டுமின்றி இடையிலோ கடையிலோ திரும்ப வந்தால் கான்ஸனன்ஸ். உயிரொலி திரும்ப வந்தால் அஸோனன்ஸ். பிரீத், ஸீ, தீ என்று கடைசி இரண்டு அடிகளில் நீளும் 'ஈ' ஒலியைக் கேளுங்கள்.

ரைம் என்பதை 'எதுகை' என்று மொழிபெயர்க்காதீர்கள். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில். ஆங்கில ரைம் அடியின் இறுதியில் வருவது. அதற்கு நெருக்கமானது நம் இயைபு. அடி இறுதிகளுக்கு எழுத்துக் குறி போட்டால் ரைம் ஸ்கீம் கிடைக்கும். டே, மே சேர்வதால் இரண்டுக்கும் ஏ. இரண்டாம் அடியின் டெம்பரேட்டும் நான்காம் அடியின் டேட்டும் சேர்ந்து பி. இப்படியே போனால் ஏபிஏபி, சிடிசிடி, இஎஃப்இஎஃப், ஜிஜி. டெம்பரேட் என்பதை இன்று 'டெம்பரட்' என்றுதான் சொல்கிறோம். டேட்டோடு எழுத்தில் சேர்கிறது, ஒலியில் முழுமையாகச் சேர்வதில்லை. கண்ணுக்கு மட்டும் ஒத்துப்போகும் இத்தகைய இணையை ஐ ரைம் என்பார்கள். லவ், ப்ரூவ் இன்னொரு இணை.

ஐந்தாம் படி: அழுத்தத்தை அளந்து பாருங்கள்

இந்தப் படியில்தான் நம் மாணவர்கள் அதிகம் துவண்டு போகிறார்கள். காரணம் அறிவுக் குறைவு கிடையாது. நாம் வேறோர் அளவுகோலில் பழகியவர்கள். தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைப் பார்த்து நேரசை, நிரையசை பிரிக்கிறது. ஆங்கில யாப்பு ஒலியின் நீளத்தைப் பார்ப்பதில்லை. எந்த அசை அழுத்திச் சொல்லப்படுகிறது, எது மெலிந்து போகிறது என்று மட்டும் பார்க்கிறது. அயாம்பைப் 'புளிமா' என்று எண்ணிக்கொண்டு எழுத்தெண்ணினால் ஒருநாளும் சரியாக வராது.

இன்னொரு குழி மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஃபுட் என்ற சொல்லை நேராக 'அடி' என்று மாற்றினால் எல்லாம் தலைகீழாகும். ஆங்கில லைன்தான் நம் அடி. ஆங்கில ஃபுட் நம் சீர். பென்டாமீட்டர் என்றால் ஓர் அடியில் ஐந்து சீர்.

சீர்களில் முதலில் நான்கு போதும். மெலிவு, அழுத்தம் என்று வந்தால் அயாம்ப். அழுத்தம், மெலிவு என்று வந்தால் ட்ரோக்கி. மெலிவு, மெலிவு, அழுத்தம் என்றால் அனபெஸ்ட். அழுத்தம், மெலிவு, மெலிவு என்றால் டாக்டில். இரண்டும் அழுத்தமாக வந்தால் ஸ்பாண்டீ. அது தனியே ஓடாது, இடையில் வந்து போகும்.

அளக்கும் முறை இது. முதலில் அடியிலுள்ள பல அசைச் சொற்களை அகராதியில் பாருங்கள். எந்த அசையில் அழுத்தம் என்று குறி போட்டிருக்கும். ரெக்கார்ட் என்ற சொல் பெயராக வரும்போது முன்னசையிலும், வினையாக வரும்போது பின்னசையிலும் அழுத்தம் பெறுவதை உரக்கச் சொல்லிப் பழகுங்கள், காது திறந்துகொள்ளும். பிறகு ஓரசைச் சொற்களில் பெயர், வினை, பெயரடைக்கு அழுத்தம் கொடுங்கள். வேற்றுமைப் பொருள் தரும் சிறு சொற்களையும் இணைப்புச் சொற்களையும் மெலிவாக விடுங்கள். கடைசியில் சீர் பிரியுங்கள்.

தொடங்குவதற்கு முதல் அடியைவிட எட்டாம் அடி நல்லது, வழுவே இல்லாமல் ஓடுகிறது:

பை சான்ஸ் | ஆர் நே | ச்சர்ஸ் சேஞ் | சிங் கோர்ஸ் | அன்ட்ரிம்ட்

ஒவ்வொரு சீரிலும் இரண்டாம் அசை அழுத்தம். மேசையில் தட்டிக்கொண்டே சொன்னால் ஐந்து தட்டுகள் கிடைக்கும். இதுதான் அயாம்பிக் பென்டாமீட்டர்.

இப்போது மூன்றாம் அடி. முதல் இரண்டு சொற்கள் ரஃப், விண்ட்ஸ். ஒன்று பெயரடை, ஒன்று பெயர். இரண்டையும் அழுத்தாமல் சொல்ல முடிகிறதா? முடியாது. அயாம்ப் வரவேண்டிய இடத்தில் ஸ்பாண்டீ வந்துவிட்டது. முரட்டுக் காற்று என்று சொல்லும் இடத்தில் சந்தமே முரடாகிறது. சந்த ஒழுங்கைக் கண்டுபிடிப்பதன் பயன் இதில்தான் இருக்கிறது: ஒழுங்கு தெரிந்தால்தான் அது எங்கே உடைகிறது என்று தெரியும். பதினோராம் அடியில் டெத், ப்ராக் என்று இரு கனத்த அசைகள் அடுத்தடுத்து வருவதையும் தட்டிப் பாருங்கள்.

பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிளாங்க் வெர்ஸில் ரைம் இல்லை, அயாம்பிக் பென்டாமீட்டர் உண்டு. மில்டன் 1667-இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' அப்படித்தான் எழுதப்பட்டது. ஃப்ரீ வெர்ஸில் நிலையான சந்தமே இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் உரையாடலை ஃப்ரீ வெர்ஸ் என்று எழுதுவது பெரும்பிழை.

ஆறாம் படி: வடிவமும் திருப்பமும்

சானட் இத்தாலியில் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வயட், சர்ரே கோமகன் ஆகியோர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இத்தாலிய வகையில் எட்டடி ஆக்டேவ், ஆறடி செஸ்டெட். ஷேக்ஸ்பியர் வகையில் நாலடி க்வாட்ரெயின் மூன்று, ஈரடி கப்ளெட் ஒன்று. நீங்கள் போட்ட ரைம் குறிகளே இதைக் காட்டிவிடும்.

கருத்து திரும்பும் இடம் வோல்டா. நம் கவிதையில் ஒன்பதாம் அடி 'ஆனால்' என்று தொடங்குகிறது. வடிவம் ஆங்கிலேயருடையது, திருப்பமோ இத்தாலிய வகையில் வரும் அதே ஒன்பதாம் அடியில். இதைக் கவனித்து எழுதும் மாணவர் மிகக் குறைவு.

அடியின் முடிவில் பொருளும் நின்றால் எண்ட்-ஸ்டாப்ட். நிற்காமல் அடுத்த அடிக்கு வழிந்தால் என்ஜாம்ப்மென்ட். இந்தச் சானட்டில் ஏறக்குறைய எல்லா அடியும் நின்று நிதானித்தே முடிகிறது. அடியின் நடுவே வரும் நிறுத்தம் செசூரா. கடைசி அடியின் காற்புள்ளியில் அதைக் கேட்கலாம். அடுத்தடுத்த அடிகள் ஒரே சொல்லில் தொடங்கினால் அனாஃபரா: 10, 11-ஆம் அடிகள் ஒரே எதிர்மறைச் சொல்லிலும், 13, 14-ஆம் அடிகள் 'இருக்கும்வரை' என்ற பொருள்தரும் ஒரே தொடரிலும் தொடங்குகின்றன.

மற்ற வடிவங்களை ஒவ்வொரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். எலிஜி இரங்கற்பா; புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களின் அருகில் வைத்துப் படிக்கலாம். ஓட் என்பது ஒன்றை விளித்து உயர்ந்த நடையில் எழுதும் நீண்ட பா. பாலட் கதைப்பாடல். எபிக் பெருங்காப்பியம்.

ஏழாம் படி: டோன், ஐரனி, நாடகமும் புதினமும்

டோன் என்பது பேசுபவரின் மனப்பாங்கு. மூட் என்பது வாசகருக்குள் எழும் உணர்வு. நம் சானட்டின் டோன் தயங்கிக் கேட்கும் கேள்வியில் தொடங்கி, காலத்தையே எதிர்க்கும் உறுதியில் முடிகிறது. டோன் ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை. மாறும் இடத்தைச் சொல்லுங்கள்.

ஐரனி மூன்று வகை. சொல்வதும் உணர்த்துவதும் எதிராக இருந்தால் வெர்பல் ஐரனி. புறநானூறு 95-இல் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, நெய் பூசப்பட்டு, காவலில் பளபளக்கின்றன என்கிறார்; அதியமானுடையவை போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் இகழ்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாவிட்டால் டிரமாட்டிக் ஐரனி. 'மேக்பெத்' முதல் அங்கம் நான்காம் காட்சியில், முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் கலை இல்லை, அவனை முழுக்க நம்பினேன் என்று ஒரு துரோகியைப் பற்றி மன்னர் டங்கன் சொல்கிறார். அந்த நொடியில் மேக்பெத் உள்ளே வருகிறான். மூன்றாவதான சிச்சுவேஷனல் ஐரனியில் எதிர்பார்ப்பும் நடப்பும் முரண்படும்.

நாடகத்தில் பாத்திரம் தனியே நின்று மனத்தைத் திறப்பது சொலிலக்வி. மற்றவர் மேடையில் இருக்கும்போதே பார்வையாளருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது அசைட். துன்பியல் நாடகத்துக்கு அரிஸ்டாட்டிலின் ஹமார்ஷியாவும் கதார்சிஸும் வேண்டும்: முன்னது நாயகனின் பிழை, பின்னது இரக்கமும் அச்சமும் எழுந்து அடங்குதல். புதினத்துக்கு ஸ்டோரி, ப்ளாட் வேறுபாடு. 1927-இல் ஈ. எம். ஃபார்ஸ்டர் இதை எளிதாக விளக்கினார்: அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்பது ஸ்டோரி; அரசி துயரத்தால் இறந்தாள் என்றால் ப்ளாட். காரணம் சேர்ந்ததும் கதை பின்னலாகிறது.

எட்டாம் படி: விடைத்தாளில் எழுதுவது

தாளில் இப்போது ஏராளமான குறிகள் இருக்கும். அவற்றை எல்லாம் விடையில் கொட்டாதீர்கள். மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று செய்திகள் வேண்டும்: கலைச்சொல், கவிதையின் சரியான சொற்கள், அவை அங்கே செய்யும் வேலை.

'நான்காம் அடியில் மெட்டஃபர் உள்ளது. அது கவிதைக்கு அழகூட்டுகிறது.' இந்த வாக்கியத்தில் மூன்றாவது செய்தி இல்லை. அழகூட்டுகிறது என்பதை எந்தக் கவிதையின் எந்த அடிக்கும் எழுதலாம்.

'கோடைக்குக் குத்தகை என்ற மெட்டஃபரைத் தருவதன் வழியாக, அதன் அழகு தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒன்றாகிறது. பத்தாம் அடியில் உடைமை என்ற சொல் வரும்போது, விளிக்கப்படுபவரின் அழகு அந்த நிபந்தனையிலிருந்து விடுபடுகிறது.' இதை முதலில் தமிழில் யோசித்து எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். அதில் எந்த வெட்கமும் வேண்டாம். சிந்தனை முழுமையாக இருந்தால் ஆங்கிலம் பின்னாலேயே வந்துவிடும்.

சானட் 18-ஐ இப்படி முடித்த பிறகு, 1818-இல் வெளியான ஷெல்லியின் 'ஓஸிமாண்டியாஸ்' கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பதினான்கடிதான். பேசும் குரல் ஒன்று, வழிப்போக்கனின் குரல் ஒன்று, கல்வெட்டில் உள்ள அரசனின் குரல் ஒன்று என மூன்று குரல்களையும் மூன்று நிறங்களில் பிரியுங்கள். ரைம் குறிகளைப் போடுங்கள். ஷேக்ஸ்பியர் வகையிலும் அடங்காது, இத்தாலிய வகையிலும் அடங்காது. கடைசி இரண்டு அடிகளில் பௌண்ட்லெஸ், பேர் என்றும் லோன், லெவல் என்றும் இணைகள் வரும், காதால் கேளுங்கள். என் செயல்களைப் பார்த்து மனம் உடையுங்கள் என்று சொல்லும் பீடத்தைச் சுற்றிலும் வெறும் மணல். எந்த ஐரனி என்று எழுதுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் விடை எழுதுங்கள்: காலத்தைத் தாண்டி நிற்பது எது என்பதில் இந்த இரு கவிதைகளும் ஒத்துப்போகின்றனவா?